எம்எம்ஓ ஆட்டங்கள்: சென்னையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஆறேழு பேர் மடிக்கணினிகளோடு கூடி, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளை (சுருக்கமாக எம்எம்ஓ) ஆடுகிறோம். புதிதாக வருபவர்களின் ஐயங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

"எம்எம்ஓன்னா என்ன? பப்ஜி மாதிரிதானே?"

பப்ஜி போன்ற ஆட்டத்தில் ஒரு சுற்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த சுற்றில் எல்லாரும் மறுபடியும் வெறுங்கையோடு தொடங்குவார்கள். எம்எம்ஓவில் உலகம் ஒன்றுதான். நீங்கள் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப்போன பிறகும் அது நடந்துகொண்டே இருக்கும். உங்கள் பாத்திரம் கற்ற திறனும், சேர்த்த பொருளும், மற்றவர்களிடம் சம்பாதித்த நல்ல பெயரும் அடுத்த நாளும் அப்படியே இருக்கும். சண்டை அதன் ஒரு பகுதி மட்டுமே. மீன்பிடித்தே மாதக்கணக்கில் பொழுதைப் போக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வகைக்கு வயது அதிகம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற ஆட்டம் முழுக்க எழுத்துகளால் ஆனது, படமே கிடையாது. 1997இல் அல்டிமா ஆன்லைன், 1999இல் எவர்குவெஸ்ட், 2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று அது படிப்படியாக இன்றைய உருவத்துக்கு வந்தது.

"காசு போடாம முதல்ல ஆடிப் பாக்கணும். எதை எடுக்கட்டும்?"

நான்கைச் சொல்கிறேன். ஃபைனல் ஃபேன்டஸி 14இன் இலவசப் பதிப்பில் நாள் கணக்கு எதுவும் இல்லை. 2023 முதல் 70ஆம் நிலை வரை, இரண்டு விரிவாக்கங்களின் கதையோடு, ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் ஆடலாம். ஆனால் அதில் சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியாது, கில்டு எனப்படும் நிரந்தர ஆட்டக் குழுவில் சேரவும் முடியாது. கில்டு வார்ஸ் 2இன் அடிப்படை ஆட்டம் 2015 முதல் இலவசம். அதற்கு மாதச் சந்தா என்பதே இல்லை. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பையும் ஆல்பியன் ஆன்லைனையும் கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே கணக்கில் ஆடலாம் என்பதால், மின்சார ரயிலில் தாம்பரம் போகும்போது மரம் வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் தொடரலாம்.

எது பிடிக்கும் என்பது உங்கள் இயல்பைப் பொறுத்தது. மேலே சொன்ன பார்ட்டில் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: எதையாவது சாதித்துக் காட்ட விரும்புபவர்கள், மூலைமுடுக்கெல்லாம் சுற்றிப் பார்க்க விரும்புபவர்கள், பேசிப் பழக வருபவர்கள், பிறரை வீழ்த்த வருபவர்கள். கதையை ரசிப்பவருக்கு ஃபைனல் ஃபேன்டஸி, மலையேறி ஊர் சுற்றுபவருக்குக் கில்டு வார்ஸ் 2, பொறுமையாக ஒரு திறனை 99 வரை வளர்க்கும் மனம் உள்ளவருக்கு ரூன்ஸ்கேப், வியாபாரமும் மோதலும் பிடித்தவருக்கு ஆல்பியன் என்பது என் கணிப்பு. ஆல்பியனின் சில பகுதிகளில் தோற்றால் கையில் இருப்பது அத்தனையும் பறிபோகும் என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

"என் லேப்டாப் ஆறு வருஷப் பழசு. ஓடுமா? இல்ல ரிச்சி தெருவுக்குப் போய் புதுசு வாங்கணுமா?"

வாங்குவதற்கு முன் ஆடிப் பாருங்கள். ரூன்ஸ்கேப்பும் ஆல்பியனும் எளிய கணினியிலேயே ஓடும். கில்டு வார்ஸ் 2, 2012இல் வெளிவந்தது. காட்சித் தரத்தைக் குறைத்தும், திரையில் ஒரே நேரத்தில் தெரியும் பாத்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தும் வைத்தால் பழைய இயந்திரம்கூடச் சமாளிக்கும். செலவழித்தே ஆக வேண்டும் என்றால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ஒரு நிலப்பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காத்திருக்கும் நேரம் அதில்தான் குறையும். அடுத்ததாக ரேம் 16 ஜிபி.

சென்னையில் மடிக்கணினிக்குப் பெரிய எதிரி வெயில். அக்னி நட்சத்திர நாள்களில் மெத்தைமேல் வைத்து ஆடினால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டு, சூடு தாங்காமல் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் தடுமாறுவதைப் பார்த்து நாம் இணையத்தைக் குறை சொல்வோம். மரப் பலகைமேல் வைத்து, பின்பக்கத்தை ஒரு சிறிய புத்தகத்தின் மேல் உயர்த்திவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே தூசி எடுக்கக் கொடுங்கள்.

"பிங் 200ஐத் தாண்டுது. நெட் கம்பெனியை மாத்திடட்டுமா?"

ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வருக்கு உங்கள் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் பிங், மில்லிநொடிக் கணக்கில். ஆகவே முதலில் தூரத்தைக் கணக்கிடுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைக்கும் ஐ-டு-ஐ கம்பிவடம் சுமார் 3,200 கி.மீ. நீளம், போய் வர 6,400 கி.மீ. என்றால், எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 32 மில்லிநொடி ஆகும். ஜெர்மனிக்கு வான்வழித் தூரமே 7,000 கி.மீ.க்குக் குறையாது, கம்பிவடம் சுற்றிச் செல்வதால் 150ஐ ஒட்டிய பிங் இயல்பானது. அமெரிக்கச் சர்வருக்கு 200ஐத் தாண்டுவதை எந்த நிறுவனத்தாலும் பெரிதாகக் குறைக்க முடியாது. நூறு எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து முந்நூறுக்கு மாறினாலும் பிங் குறையாது. குழாயின் அகலம் கூடியதே தவிர நீளம் அப்படியேதான் இருக்கிறது.

எண் உயரமாக இருப்பதைவிட அது நிலையில்லாமல் குதிப்பதே ஆட்டத்தைக் கெடுக்கும். குதிப்பது எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விண்டோஸில் இரண்டு கட்டளைச் சாளரங்களை (கமாண்ட் பிராம்ட்) திறந்து, ஒன்றில் உங்கள் ரௌட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற வெளிமுகவரிக்கும் தொடர்ச்சியாகப் பிங் அனுப்பிவிட்டு, பத்து நிமிடம் பாருங்கள். ரௌட்டர் சாளரத்திலேயே 2, 3, 2, 180, 4 என்று எண் தாவினால் கோளாறு உங்கள் வீட்டு வைஃபையில். அது அமைதியாக இருந்து வெளிமுகவரி மட்டும் தாவினால், அப்போது நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் நிறுவனத்தையே மாற்றினேன். மாற்றியும் தாவல் நிற்கவில்லை. ரௌட்டர் வாசல் பக்கம், நான் பின் அறையில்; நடுவே இரண்டு சுவர், ஒரு குளிர்பதனப் பெட்டி. கதவின் மேற்சட்டத்தை ஒட்டிப் பதினைந்து மீட்டர் லேன் கேபிள் இழுத்த அன்றே பிரச்சினை தீர்ந்தது.

கேபிள் இழுக்க வீட்டுக்காரர் ஒப்பவில்லை என்றால், வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரௌட்டர்களின் நெரிசல் அதில் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும் வலுவும் குறைவு. வீட்டில் யாருடைய கைப்பேசியாவது கல்யாணப் புகைப்படங்களை மேகக்கணிப்புச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மேலேற்றும் பாதை நிரம்பினால் பிங் உடனே எகிறும்.

"150 பிங்க வெச்சுக்கிட்டு நிஜமாவே ஆட முடியுமா?"

தாராளமாக ஆடலாம். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் உலகத்தை நகர்த்துகிறது. 150 மில்லிநொடி அதில் கால்பங்கு. ஃபைனல் ஃபேன்டஸியில் ஒரு முக்கியத் தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இடையே அடிப்படையாக 2.5 நொடி இடைவெளி உண்டு. நீங்கள் கற்க வேண்டியது ஒன்றுதான்: தரையில் ஆபத்து வட்டம் தெரிந்ததும் நகருங்கள், அது முடியும் தறுவாய் வரை காத்திருக்காதீர்கள். வேகமான நேருக்கு நேர் மோதல்களில் மட்டும் தூரத்தின் பாதகத்தை உணர்வீர்கள்.

"அப்போ எந்த ஊர் சர்வரை எடுக்கறது? பிங் கம்மியா இருக்கறதுதானே நல்லது?"

இந்தக் கேள்விக்குத்தான் பலர் தவறான விடையோடு வருகிறார்கள். ஆட்டம் பிடிக்கவில்லை என்று இரண்டே வாரத்தில் விட்டுப்போனவர்களில் பாதிப் பேரிடம் விசாரித்தால், அவர்கள் ஆடிய நேரத்தில் அந்தச் சர்வரில் ஆளே இல்லை என்பது தெரியவரும். பிங்கைப் பார்க்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். அலுவலகத்திலிருந்து வந்து, சாப்பிட்டு, இரவு 9 மணிக்கு நீங்கள் உட்காரும்போது சிங்கப்பூரில் 11:30, ஜப்பானில் நள்ளிரவு 12:30. அங்கே எல்லாரும் விடைபெற்றுக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் ஜெர்மனியில் கோடையில் மாலை 5:30, குளிர்காலத்தில் 4:30. பள்ளியும் வேலையும் முடிந்து ஆள்கள் அப்போதுதான் வந்து சேர்வார்கள். நம் இரவு 11 மணி அவர்களுக்கு மாலை நேரத்தின் உச்சம். ஆகவே இரவில் ஆடுபவருக்கு 150 பிங் உள்ள ஐரோப்பியச் சர்வர், 40 பிங் உள்ள சிங்கப்பூர்ச் சர்வரைவிடக் கலகலப்பாக இருக்கும்.

மாலை 5 மணிக்கே ஓய்வு கிடைக்கும் கல்லூரி மாணவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவர் ஆசியச் சர்வரை எடுப்பதே சரி. ஓஎம்ஆரில் அமெரிக்க நேரப்படி வேலை செய்துவிட்டு விடியற்காலை 5 மணிக்கு வீடு திரும்பும் என் நண்பர் ஒருவர், தனக்கு உடன் ஆட யாருமே கிடைக்க மாட்டார்கள் என்று வருந்தினார். அந்த நேரத்தில் நியூயார்க்கில் கோடையில் இரவு 7:30. இன்று அவர் அமெரிக்கச் சர்வரில், 240 பிங்கில், எங்கள் எல்லாரையும்விட நிறைந்த கில்டில் ஆடுகிறார்.

எல்லா ஆட்டத்திலும் எல்லா ஊர்ச் சர்வரும் இருக்காது என்பதையும் கவனியுங்கள். கில்டு வார்ஸ் 2இன் உலகளாவிய பதிப்பில் வட அமெரிக்கா, ஐரோப்பா என்று இரண்டே தேர்வுகள். ஆல்பியனில் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா மூன்றும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸியில் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என நான்கு. பாத்திரத்தை உருவாக்கிய பிறகு சர்வரை மாற்றுவது பல ஆட்டங்களில் செலவு வைக்கும் அல்லது முடியவே முடியாது.

"டெய்லி ரீசெட், வீக்லி ரீசெட்னு சொல்றாங்களே, நம்ம ஊர்ல எத்தனை மணிக்கு?"

கில்டு வார்ஸ் 2இலும் ரூன்ஸ்கேப்பிலும் நாள் மாறுவது நம் காலை 5:30 மணிக்கு. ஃபைனல் ஃபேன்டஸியில் அன்றாடப் பணிகள் இரவு 8:30 மணிக்கும், வாராந்தரப் பணிகள் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 1:30 மணிக்கும் புதுப்பிக்கப்படும். இரவு 8 மணிக்கு உட்கார்ந்து இன்றைய பணியை முடித்துவிட்டு, அரை மணி கழித்து நாளையதையும் முடிக்கலாம் என்பது சென்னைவாசிக்குக் கிடைத்த வசதி.

"டேங்க், ஹீலர், டிபிஎஸ்ங்கறாங்க. புதுசா வர்றவன் எதை எடுக்கணும்?"

எதிரியின் கவனத்தைத் தன்மேல் இழுத்து அடியைத் தாங்குபவர் டேங்க். மற்றவர்களின் உயிரைக் காப்பவர் ஹீலர். எதிரியை அடித்து வீழ்த்துபவர் டிபிஎஸ். ஃபைனல் ஃபேன்டஸியில் நான்கு பேர் கொண்ட குழுவில் ஒரு டேங்க், ஒரு ஹீலர், இரண்டு டிபிஎஸ். வார்கிராஃப்ட்டில் ஐந்து பேரில் மூவர் டிபிஎஸ். டிபிஎஸ் எடுப்பவர்கள் அதிகம் என்பதால் அவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். டேங்குக்கும் ஹீலருக்கும் உடனே இடம் கிடைக்கும்.

முதல் மாதம் டிபிஎஸ் ஆடுங்கள் என்பதே என் யோசனை. தவறு செய்தாலும் குழு தப்பிக்கும். சுற்றிலும் என்ன நடக்கிறது என்று பார்க்க நேரம் இருக்கும். பிறகு, உங்களுக்குப் பிறரைக் கவனித்துக்கொள்ளும் குணம் இருந்தால் ஹீலருக்கு மாறுங்கள். பந்தியில் இலை காலியாகும் முன்பே பார்த்துப் பரிமாறத் தெரிந்தவருக்கு அந்த வேலை இயல்பாகவே வந்துவிடும்.

"எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு."

வியாசர்பாடியிலிருந்து எங்கள் குழுவுக்கு வந்த ஒரு தம்பி இதே பயத்தில் மூன்று மாதம் தனியாகவே ஆடிக்கொண்டிருந்தார். முதன்முதலாக ஒரு குகைக்குள் நுழைந்தபோது அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். விரல்கள் விசைப்பலகைமேல் நடுங்க, 'ஃபர்ஸ்ட் டைம் ஹியர், சாரி' என்று நான்கே சொற்களைத் தட்டினார். சில நொடிகள் எதுவும் வரவில்லை. பிறகு டேங்க் பாத்திரம் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பி வந்து, அவர் எதிரே நின்று கையசைத்தது. ஒவ்வொரு பெரிய எதிரிக்கு முன்னாலும் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் அவர்கள் தொடங்கினார்கள். இருபது நிமிடத்தில் முடிய வேண்டியது நாற்பது நிமிடம் ஆனது, யாரும் விலகவில்லை.

எல்லாக் குழுவும் அப்படி இருக்காது. ஆனால் புதியவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் திட்டுபவர்கள் குறைவு, உதவுபவர்கள் அதிகம் என்பது என் நீண்ட நாள் அனுபவம். திட்டுபவரைப் 'பிளாக்' செய்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். பதில் எழுத வேண்டாம். இன்னொன்று: ஐரோப்பியச் சர்வர்களில் ஆடும் போலந்துக்காரருக்கும் துருக்கியருக்கும்கூட ஆங்கிலம் தாய்மொழி அன்று. சுருக்கமாகவும் தப்பும் தவறுமாகவும் எழுதுவதே அங்கே வழக்கம்.

"கில்டு எப்படித் தேடறது? தமிழ் கில்டு இருக்கா?"

பெரும்பாலான ஆட்டங்களில் கில்டு தேடும் பட்டியல் உள்ளேயே இருக்கிறது. டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியிலும் ஆள் சேர்க்கும் அறிவிப்புகள் வரும். உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். ஐந்நூறு பேர் பெயர் இருந்தும், நீங்கள் ஆடும் நேரத்தில் மூன்று பேர்கூட இல்லாவிட்டால் பயனில்லை. சர்வர் பற்றிய பதிலில் சொன்ன கடிகாரக் கணக்கையே இங்கும் போடுங்கள்: கூட்டாக ஆடும் நாள் எது, உங்கள் மணிப்படி எப்போது என்று சேரும் முன்பே கேளுங்கள். ஜெர்மனியில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12:30. மறுநாள் அலுவலகம் உள்ளவருக்கு அது ஒத்துவராது.

தமிழில் பேசிக்கொண்டே ஆட வேண்டும் என்றால், பெரிய கில்டு ஒன்றில் இருந்துகொண்டு, டிஸ்கார்டில் நான்கைந்து நண்பர்களுக்கென்று தனிக் குரல் அறை வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. சில ஆட்டங்களின் அரட்டைப் பெட்டியில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்பதால், தமிழில் பேசுவதற்குக் குரலே வழி. 'பேசும்போது மட்டும் அழுத்து' என்ற விசையை அமைத்துவிடுங்கள். குக்கர் விசிலும் தெருவில் போகும் ஆட்டோவின் ஓசையும் மற்றவர்கள் காதுக்குப் போகாது.

"ஆட்-ஆன் போட்டா பேன் பண்ணிடுவாங்களாமே?"

ஆட்-ஆன் என்பது ஆட்டத்தோடு நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல். ஆட்டத்துக்கு ஆட்டம் விதி வேறு. வார்கிராஃப்ட் தன் திரை அமைப்பை மாற்றும் ஆட்-ஆன்களை அனுமதிக்கிறது. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் ரூன்லைட் என்ற மாற்று நிரலுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் உண்டு. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஃபைனல் ஃபேன்டஸியின் ஒப்பந்தம் வெளி நிரல்கள் எதையும் அனுமதிப்பதில்லை. பலர் பயன்படுத்துகிறார்கள் என்பது உங்களைக் காப்பாற்றாது. உங்களுக்குப் பதிலாகத் தானே சொடுக்கி ஆடும் எந்த நிரலும் இங்கே சொன்ன எல்லா ஆட்டத்திலும் தடைக்குரியது.

புதியவருக்கு உண்மையில் தேவையான கருவி, ஆட்டத்தைப் பற்றிய தகவல்களைத் தொகுத்திருக்கும் இணையதளமான விக்கி ஒன்றுதான். கில்டு வார்ஸ் 2இன் அரட்டைப் பெட்டியில் சாய்கோட்டுக்குப் பின் விக்கி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு பொருளின் பெயரைச் சேர்த்தால், அதன் பக்கம் உலாவியில் திறக்கும். யாரிடமும் கேட்கக் கூச்சப்படுபவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

"ஆட்டத்துக்கு நடுவுல கரண்ட் போயிட்டா?"

போன மே மாதம் எங்களுக்கே நடந்தது. மின்விசிறி இன்வெர்ட்டரில் சுற்றியது, மடிக்கணினிகள் பேட்டரியில் ஓடின, திரையில் மட்டும் எல்லாப் பாத்திரங்களும் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. ரௌட்டரின் பச்சை விளக்கு அணைந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தோம். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பைப் பெரும்பாலும் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே கொடுத்திருப்பார்கள். ரௌட்டர் செருகியிருக்கும் முனைக்கு அது வராது. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த முனையையும் சேர்த்துவிடுங்கள், அல்லது ரௌட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். ஃபைபர் இணைப்பில் ரௌட்டரும், ஃபைபர் இழை வந்து சேரும் ஓஎன்டி பெட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

மீண்டும் நுழைந்ததும் குழுவிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தால், நீண்ட ஆட்டத்தில் டேங்காகவோ ஹீலராகவோ நான் சேர்வதில்லை.

"சந்தா கட்டப் போனா கார்டு ஏத்துக்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி ஆணைக்குப் பிறகு புதிய அட்டைகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே வருகிறது. வங்கியின் செயலியில் நீங்களே அதைத் திறந்துவிட வேண்டும். இரண்டாவது, 2021 அக்டோபர் முதல் அட்டையில் தானாகத் திரும்பத் திரும்பக் கழியும் தொகைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அந்த முறைக்குள் வராத வெளிநாட்டு நிறுவனங்களின் சந்தா தோல்வியடையும்.

தானியங்கிச் சந்தாவை விட்டுவிட்டு ஒருமுறைக் கட்டணமாகச் செலுத்துவது எளிது. ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் ரூபாயிலேயே யுபிஐ மூலம் கட்டலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபைனல் ஃபேன்டஸியை ஸ்டீமில் வாங்கினால் அதன் விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும்; நேரடியாகத் தொடங்கிய கில்டு வார்ஸ் 2 கணக்கைப் பின்னால் ஸ்டீமோடு இணைக்க முடியாது. எங்கே கட்டப்போகிறோம் என்பதைக் கணக்குத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

"வெளியில கோல்டு ரொம்ப மலிவா விக்கறாங்களே, வாங்கினா என்ன தப்பு?"

வாங்காதீர்கள். ஆட்டத்துக்குள் செல்லும் நாணயமான அந்தத் தங்கத்தின் ஒரு பகுதி திருடப்பட்ட கணக்குகளிலிருந்து வருகிறது. நாளை திருடப்படுவது உங்களுடையதாகவும் இருக்கலாம். பிடிபட்டால் பல ஆண்டு உழைப்போடு கணக்கும் போகும். பணம் கொடுத்துத் தங்கம் பெற விரும்புபவருக்கு ஆட்டத்துக்கு உள்ளேயே முறையான வழி உண்டு: வார்கிராஃப்ட்டில் டோக்கன், ரூன்ஸ்கேப்பில் பாண்டு, கில்டு வார்ஸ் 2இல் ஜெம் மாற்று.

கணக்கைக் காக்க இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். அதற்குப் பரிசும் கிடைக்கும்: வார்கிராஃப்ட்டில் பையில் கூடுதலாக நான்கு இடம், ஃபைனல் ஃபேன்டஸியில் ஓர் ஊருக்கு இலவசப் பயணம். 'உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது, உடனே இங்கே நுழையுங்கள்' என்று வரும் எந்த இணைப்பையும் தொடாதீர்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல ஆன்லைன் கேம் ஆடக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்திருக்காமே?"

அந்த விதி பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியது. 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் 2025 பிப்ரவரியில் வெளியான ஒழுங்குமுறைகள், பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவற்றுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை விதித்தன. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது. பந்தயம் இல்லாமல், சந்தா கட்டி ஆடும் எம்எம்ஓக்கள் இதில் வரமாட்டா. இரவு ஒரு மணிக்கு நீங்கள் தூங்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

"என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஆட விடலாமா?"

இங்கே சொன்ன ஆட்டங்கள் பொதுவாக 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. அதற்குக் குறைந்தவர் என்றால் பொறுத்திருங்கள். அனுமதிப்பதானால் ஆட்டத்தைவிட அரட்டையையே கவனிக்க வேண்டும்: உண்மைப் பெயர், பள்ளி, தெரு, படம் எதையும் யாருக்கும் தரக் கூடாது, 'டிஸ்கார்டுக்குத் தனியாக வா' என்று அழைப்பவரைப் பற்றி உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். கணினியைக் கூடத்தில் வையுங்கள். கணக்கில் அட்டை எண்ணைச் சேமிக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் பெற்றோர் குழந்தையின் பக்கம் நின்று புரிந்துகொள்ள வேண்டும். 'இப்பவே மூடு' என்றால் அவளால் முடியாமல் போகலாம். நான்கு பேர் நடுவழியில் தவிப்பார்கள். 'இதை முடிச்சிட்டு வா, எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேளுங்கள். சொன்ன நேரத்துக்கு எழுந்து வரும் பழக்கம் அப்படித்தான் வரும். வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய பாத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

"தினமும் உள்ள போய் வேலை முடிக்கறதே ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சு. சலிப்பா இருக்கு."

அன்றாடப் பணிகள் உங்களைத் தினமும் உள்ளே வரவைக்கவே அமைக்கப்பட்டவை. ஒரு வாரம் அவற்றைத் தொடாமல் இருந்து பாருங்கள். நீங்கள் இழப்பது மிகக் குறைவு என்று தெரியும். எங்கள் குழுவில் பாதிப் பேர் ஞாயிறு மட்டும் வருகிறார்கள். அவர்கள்தான் பத்தாண்டாக ஆட்டத்தில் நிலைத்திருக்கிறார்கள். கண் எரிச்சலும் மணிக்கட்டு வலியும் இருந்தால் அதுவும் சலிப்பாகத் தோன்றும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்தைப் பாருங்கள், கை மரத்துப்போனால் அன்றைக்கு நிறுத்துங்கள். பிறகும் சலித்தால் வேறு ஆட்டத்துக்குப் போங்கள், சொல்லிவிட்டுப் போங்கள்.

"இவ்வளவு நாள் வளர்த்த கேரக்டர், கம்பெனி சர்வரையே மூடிட்டா என்ன ஆகும்?"

போய்விடும். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டபோது, ஆடியவர்கள் கடைசி இரவில் உள்ளே கூடி, தீப்பந்தங்களை ஏந்தி நின்றார்கள். ஆனால் அந்தக் கூட்டம் கலையவில்லை. பல ஆண்டு கழித்து ரசிகர்களே நடத்திய ஹோம்கமிங் சர்வருக்கு 2024 ஜனவரியில் நிறுவனமே உரிமம் வழங்கியது. ரூன்ஸ்கேப் மாறிப்போனதே என்று வருந்தியவர்கள் வாக்களித்ததால்தான், 2007ஆம் ஆண்டுப் பிரதியிலிருந்து 2013இல் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் பிறந்தது.

ஆகவே ஆட்டம் நன்றாக ஓடும்போதே இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். ஆட்டத் திரையை ஸ்கிரீன்ஷாட்களாகப் பிடித்து, தேதியோடு ஒரு கோப்புறையில் சேமியுங்கள். ஆட்டத்தின் சொந்தக் கோப்புறையில் விட்டால் நீக்கும்போது அவையும் போகலாம். உடன் ஆடுபவர்களில் நம்பிக்கைக்குரியவர்களோடு ஆட்டத்துக்கு வெளியேயும் ஒரு தொடர்பை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் ஆடிய ஆட்டத்தை இப்போது எங்களில் யாரும் ஆடுவதில்லை; அப்போது சேர்ந்த ஆறு பேரில் நான்கு பேர் இந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தார்கள்.